அடுத்த வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டுச் செலவு நோட்டு 1979 ஜனவரி முதல் தேதி, திங்கட்கிழமை தொடங்குகிறது. முதல் வரி: பால், அரை லிட்டர். இரண்டாவது வரி: நோட்டு, ஒன்று. நோட்டு வாங்கிய செலவை அந்த நோட்டிலேயே எழுதியதைப் பார்த்து என் கணவர் ஒரு வாரம் சிரித்தார்.

எழுதத் தொடங்கியதற்குக் காரணம் என் வலது தோள். வாரத்தில் மூன்று நாள் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டி ஆட்டி, கையைத் தூக்கித் தலை பின்னிக்கொள்ள முடியாத நிலைக்கு வந்திருந்தேன். ஆஸ்பத்திரியில், "இனிமே ஆட்டாதீங்க" என்று சொல்லி ஒரு தைலமும் கொடுத்தார்கள். இட்லி இல்லாமல் எங்கள் வீடு நடக்காது. ஆகவே மின்சாரக் கிரைண்டர் வேண்டும். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிக் கரண்டு எடுக்கிற நெய்வேலி, கரண்டுக்குக் கவலைப்படாத ஊர். குவார்ட்டர்ஸில் பலர் சோறே ஹீட்டரில்தான் பொங்கினார்கள். ஓட்டுகிற செலவு ஒன்றுமில்லை. வாங்குகிற செலவுதான் மலை. கோயமுத்தூரிலிருந்து வரவழைக்க ஆயிரத்து நானூறு ரூபாய் ஆகும் என்று கணவர் விசாரித்துச் சொன்னார். மாதம் நாற்பது ரூபாய் மிச்சம் பிடித்தால், போனஸ் பணத்தையும் சேர்த்து மூன்று வருடத்துக்குள் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். மாலை ஏழு மணிக்கு எல்லாரும் அன்றைய செலவைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் தட்டு. இரண்டு மகள்களும் ஐந்து பைசா மிட்டாய் வரை ஒப்பித்தார்கள். கணவர் பி ஷிஃப்டுக்குப் போகிற வாரங்களில் மதியம் போனால் இரவு பத்து மணிக்கு மேல்தான் வருவார். அதனால் அவர் கணக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, காலி டிபன் கேரியரின் மேல் தட்டில் வந்துசேரும். "டீ 2. வடை 1. வடை நல்லா இல்லை." ஒருநாள் சீட்டில் இப்படி இருந்தது: "மைன்ஸ்ல எத்தனை டன் மண்ணு வெட்டுனாங்கன்னுகூட இவ்வளவு கரெக்டா எழுத மாட்டாங்க." அதையும் தேதி போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.

இன்னொரு விதியும் இருந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்பது இரண்டாவது மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. சம்பளத்துக்கு மறுநாள் காலை, அரிசி பருப்பு வாங்குவதற்கும் முன்னால், நாற்பது ரூபாயைத் தபால் ஆபீசில் கட்டிவிடுவது. முதல் மாதம் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்று இருந்து பார்த்தேன். நாலு ரூபாய் முப்பது பைசா மிஞ்சியது.

அடுத்த வீட்டுக்காரியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

எங்கள் நகரியத்தில் ஒருவர் சம்பளம் ரகசியம் அல்ல. குவார்ட்டர்ஸ் எந்த டைப் என்று தெரிந்தால் கிரேடு தெரியும். கிரேடு தெரிந்தால் சம்பளம் தெரியும். அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே கிரேடு, ஒரே ஷிஃப்ட் பஸ். இரண்டு வீட்டிலும் இரண்டிரண்டு குழந்தைகள். ஆக, வரவு ஒன்றுதான். வித்தியாசம் இருந்தால் செலவில்தான் இருக்க வேண்டும். இது எனக்குத் திருக்குறள் மாதிரி நிச்சயமாக இருந்தது.

அவள் என்னைவிட ஐந்து வயது சிறியவள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். நோட்டு கிடையாது, திட்டம் கிடையாது. தினமும் ஒரு முழம் பூ. ஞாயிறு தவறாமல் சந்தையில் மீன். பூக்காரியிடம் பேரம் பேசக்கூட மாட்டாள், பேசிச் சிரிப்பாள். நான் கத்தரிக்காயை எண்ணி வாங்கிக்கொண்டு வருகிற அதே சாலையில், அவள் பை நிறைய வாங்கிக்கொண்டு, "வெயிலு கொளுத்துது இல்லக்கா" என்றபடி போவாள். அப்படிப் போகிறவள் மாதக் கடைசியில் கைமாற்று கேட்டு வர வேண்டும் அல்லவா? வரவே இல்லை. ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதிக்குமேல் நான் அதை எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்று எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

1980 மார்ச்சில் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து அவர்கள் வீட்டுக் கணக்கை எழுத ஆரம்பித்தேன்.

அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் காட்டாமணக்கு வேலி; கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது எல்லாம் தெரியும். மீன், வாடையில் தெரிந்துவிடும். அரிசி மூட்டை சைக்கிள் கேரியரில் வரும். அன்றைய கடை விலையைப் போட்டுக்கொள்வேன். உளுந்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பலாப்பழம், முந்திரிப் பருப்பு, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை, எல்லாவற்றுக்கும் தேதியும் விலையும். தெரியாத விலைக்கு நேரே ஒரு புள்ளி வைத்தேன். நூலகத்தில் எடுத்துப் படித்த சரித்திரப் புத்தகங்களில், அரசர்களின் கஜானா ஏன் காலியானது என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள் அல்லவா? அந்த மாதிரி வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மாதம் கூட்டிப் பார்த்தேன். நாலு மாதமும் சம்பளத்தைவிடச் செலவு அதிகம்.

"அவங்க எங்கேயோ கடன் வாங்குறாங்க" என்றேன் கணவரிடம்.

"நம்மகிட்ட வாங்கலையே."

"வாங்கினா தெரிஞ்சிருக்குமே."

"உனக்கு அதுதான் வருத்தமா?" என்றார்.

ஆகஸ்டு 9, சனிக்கிழமை. காலை பத்தேகால். அவர்கள் வாசலில் ஒரு வேன் நின்றது. மூன்று பேர் சேர்ந்து ஒரு கிரைண்டரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பச்சை நிறம். என் பாஸ்புக்கில் அன்றைக்கு ஐநூற்று அறுபது ரூபாய் இருந்தது. எழுநூற்று இருபது இருந்திருக்க வேண்டும். சின்னவளின் டைஃபாய்டு கொண்டுபோனது போக மிச்சம் அது.

மாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை. உருளுகிற கல்லின் மெதுவான கடகடப்பு, நாற்பது நிமிஷம். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் எழுந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். சிறிது நேரத்தில் கிரைண்டர் நின்றது. அவள் வேலி ஓரம் வந்து, "அக்கா, மாவு ஆட்டணும்னா ஊறவச்சிக் குடுத்தனுப்புங்க, நான் போட்டுத் தரேன்" என்றாள்.

"வேண்டாம்மா, எங்களுக்குக் கல்லுல ஆட்டினாத்தான் இட்லி மெத்துனு வரும்" என்றேன். அன்றிலிருந்து பதினைந்து மாதம், தோள் வலியோடு அந்த வாக்கியத்தைக் காப்பாற்றினேன். பின்பக்கக் கணக்கில் "கிரைண்டர் 1,400" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

விஷயத்தை உடைத்தவள் என் மூத்த மகள், எட்டு வயது. நவம்பரில் ஒருநாள் அவர்கள் வீட்டில் விளையாடப் போனவளிடம் அடுத்த வீட்டுக்காரி முந்திரிப் பருப்பு கொடுத்திருக்கிறாள். இவள் தின்றுகொண்டே, "இத எங்கம்மா எழுதிடுவாங்க" என்றிருக்கிறாள்.

பத்து நிமிஷத்தில் அவள் எங்கள் வாசலில் நின்றாள். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, எங்க வூட்டுக் கணக்கெல்லாம் நீங்க எழுதிகினு இருக்கீங்களாமே? காட்டுங்க, பாப்போம். எங்க வூட்டுக்காரரு காசு எங்கடி போச்சுன்னு கத்திகினே இருக்காரு. ஒண்ணு இருந்தா நல்லதுதான?"

காட்டாமல் இருக்க வழியில்லை. கீழே உட்கார்ந்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்த அரிசி வாங்கினது இல்லக்கா, ஊர்ல எங்க கொல்லி நெலத்துல வெளஞ்சது. மாமனாரு அனுப்புவாரு. உளுந்தும் அப்டிதான். மல்லாட்டையும். இந்தப் பலாப்பழத்துக்கா எட்டு ரூபா போட்டுகினு இருக்கீங்க? ஐயய்யோ, மரத்துலருந்து பறிச்சதுக்கா!" மீனுக்கு மட்டும், "இது கரெக்ட்டு" என்றாள். பூவுக்கு, "இன்னும் கொறைச்சலாத்தான் எழுதி வச்சிருக்கீங்க."

விரல் கிரைண்டரில் வந்து நின்றது.

"இதுவும் கொல்லிதான்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நெலத்த மைன்ஸுக்கு எடுத்துட்டாங்கல்ல. குடுத்த பணத்துல மூணு பங்கு. எங்க பங்கு வந்த அன்னிக்கே இவரு ஸ்கூட்டருன்னாரு, இவரு அண்ணன் கடன்னாரு. காசா வச்சிகினா கரைஞ்சிதான போவும்? அதான் கல்லா வாங்கிட்டேன். போற போக்குல யாரும் தூக்கிகினு போவ முடியாதில்ல."

பிறகு, "இந்த மூட்டைதான் கடைசி. இனிமே அரிசியும் கடையிலதான்" என்றாள்.

ஐயோ பாவம் என்று நான் நினைத்திருக்க வேண்டும். அன்று இரண்டு பக்கம் எழுதினேன். அதில் அப்படி ஒரு வரி இல்லை. இருக்கிற வரி இது: "அவர்களுக்குப் போவதற்காவது நிலம் இருந்தது." தெற்கே சொந்த ஊரில் எங்களுக்கு என்று இருந்தது ஒரு ஓட்டு வீட்டில் ஏழில் ஒரு பங்கு. அதற்கும் கேஸ் நடந்துகொண்டிருந்தது.

எழுந்து போகும்போது அவள் கேட்டாள்: "எனக்கும் இந்த மாதிரி ஒரு நோட்டு போட்டுக் குடுங்கக்கா. நீங்க எப்டி எழுதறீங்க, எப்டிச் சேக்கறீங்க, எல்லாம் சொல்லிக் குடுங்க. இனிமே நாங்களும் உங்கள மாதிரி இருந்தாத்தான் ஆவும்."

டிசம்பர் முதல் தேதி அவளுக்கு ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, பொருள், தொகை. ஏழு மணிச் சட்டம், டிபன் கேரியர்ச் சீட்டு எல்லாம் சொன்னேன். தபால் ஆபீஸை மட்டும் சொல்லவில்லை. "மாசக் கடைசியில மிஞ்சுறத எடுத்து வை" என்றேன்.

அவள் எழுத்து குண்டு குண்டாக, என்னுடையதைவிட அழகாக இருந்தது. மாதாமாதம் கொண்டுவந்து காட்டினாள். பூவை நிறுத்தினாள். மீன் மாதத்துக்கு ஒருமுறை ஆனது. கூட்டலில் பிழையே இருக்காது. மிஞ்சுவது மூன்று ரூபாய், ஐந்து ரூபாய், ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. பார்த்துத் தலையாட்டுவேன். "பழகப் பழக வரும்" என்பேன். பின்பக்கக் கணக்கை அப்போது நிறுத்திவிட்டேன். அவளே கொண்டுவந்து காட்டும்போது நான் எதற்கு எழுத வேண்டும்?

1981 நவம்பரில், போனஸ் பணத்தோடு சேர்த்து, எங்கள் கிரைண்டர் வந்தது. அதுவும் பச்சை. வேறு நிறம் கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. வேன் போனதும் முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான். கல்லைத் தடவிப் பார்த்தாள். குங்குமம் வைத்தாள். பிறகு கையில் இருந்த நோட்டைப் பிரித்தாள்.

"எப்டிக்கா? நானும் பதினோரு மாசமா நீங்க சொன்ன மாதிரியேதான் எழுதறேன். ஒரு பைசா விடல. பெரியவனுக்கு ஸ்கூல் பணம் கட்ட மூக்குத்திய அடகு வச்சிட்டு வந்தேன். நான் எங்கதான் தப்பு பண்றேன்?"

அவள் மூக்கில் ஈர்க்குச்சி இருந்தது. எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் எழுதியிருக்கவில்லை.

"சம்பளத்துக்கு மறுநாள் காலைல," என்றேன், "முதல்ல தபால் ஆபீஸ் போயிடணும். அப்புறம்தான் மளிகை. மிஞ்சறதச் சேர்க்கக் கூடாது. எடுத்து வச்சது போக மிஞ்சறதுலதான் சாப்பிடணும்."

அவள் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லவில்லை. நானே எடுத்துக் காட்டினேன். 1979 மார்ச்சிலிருந்து வரிசையாக முத்திரைகள். தேதிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, 1980 டிசம்பரில் நிறுத்தினாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"மறந்துட்டேன்மா" என்றேன்.

அவள் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு கொண்டுவந்து காட்டவில்லை. அடுத்த மாதம் சம்பளத்துக்கு மறுநாள் காலை, ஒன்பதரை மணிக்கு, அவள் தபால் ஆபீஸ் பக்கம் தனியாக நடந்துபோனதை வேலி வழியாகப் பார்த்தேன். எவ்வளவு கட்டினாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. நாற்பதுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் இருந்தது.

நோட்டுகள் எல்லாம் இன்றும் என்னிடம் இருக்கின்றன. எந்தத் தேதியைக் கேட்டாலும் அன்றைக்கு என்ன காய், என்ன விலை என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் மறந்துவிட்டேன் என்று சொன்னதை அவள் நம்பியிருக்க மாட்டாள்.