பத்து நிறம் நரம்பு

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருந்தும் பதின்மூன்றடித் தூண்டில் ராடு ஒன்று வாங்கினேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு பஜ்ஜி தின்கிறவனுக்குக் கடற்கரையில் நின்று தூரமாக வீசும் ஆசை வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

வாங்குவதற்கு முன் மூன்று மாதம் அதையே பேசினேன். ராடு எவ்வளவு வளைய வேண்டும், ரீல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், நரம்பு என்கிற தூண்டில் நூல் மெலிந்தால் எவ்வளவு தூரம் கூடும் என்று சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு, எழுந்தால் பேச்சு. மைத்துனன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலும் பேசினேனாம். ஒரு நாள் என் மனைவி சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கடல்ல போயி நூறு மீட்டர் வீசிக் காட்டுங்க. வீசிட்டீயன்னா ஆயுசுக்கும் உக்காந்து கேக்குதேன். இல்லன்னா ஒரு வருசத்துக்குத் தூண்டிலப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

நான் பட்டினிகூடக் கிடப்பேன், பேசாமல் கிடக்க மாட்டேன். ஆனாலும் வீறாப்பாக ஒத்துக்கொண்டேன்.

பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறுகிற மெல்லிய நரம்பு வாங்கினேன். ரீலிலிருந்து பத்து நிறம் ஓடினால் நூறு மீட்டர். தூத்துக்குடிக் கடைக்காரர், "அண்ணாச்சி, கடலுக்கு நூத்தி இருவது கிராம் ஈயக்குண்டு போடுங்க, சின்னது காணாது" என்றார். பெரிதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்து அறுபது கிராமிலும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் மனை பிரித்துக் கல் நட்டிருந்த பொட்டலில் பயிற்சி. நல்ல சாரல் காலம். முதல் நாள் மலையைப் பார்த்து வீசினேன். நரம்பு என் முகத்திலேயே வந்து சுற்றிக்கொண்டது. திரும்பி நின்று சுரண்டைப் பக்கம் வீசினேன். சின்னக் குண்டே பதினோரு நிறம் போனது! பெரிய குண்டு தோளை வலிக்க வைத்ததுதான் மிச்சம். அதை வீட்டில் செய்தித்தாள் பறக்காமலிருக்க மேலே வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் தாள் அடுக்களை வரை போய்விடும்.

மாலையில் மனைவியும் வந்து நின்று நிறம் எண்ணுவாள். "பதினொண்ணு. இந்தா, பன்னெண்டு!" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். புருஷனைப் பற்றிய பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

சாரல் சீசன் முடிந்தபிறகு, திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், பிற்பகலில், மனைவி பக்கத்தில் நின்று பார்க்க, ராடைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கடற்காற்று முகத்தில் அறைந்தது. வீசினேன். ஐந்து நிறம். மறுபடி, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினேன். ஆறு. மூன்றாவது வீச்சில் நரம்பு சிக்கிக் கொத்தாகக் காலடியில் விழுந்தது.

"ஏட்டி, அந்தப் பெரிய குண்டு எங்க?"

"வீட்ல பேப்பர் மேல இருக்கு. காத்துக்குப் பறந்துரும்னு நீங்கதான வச்சீய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதமாக வீசியது நானில்லை, எங்கள் ஊர்க் காற்று.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"நித்தம் மாடியில துணி காயப்போடுதேன். காத்து எங்கன இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கலாம்லா!"

"சொல்லியிருந்தா எனக்கு ஒரு வருச நிம்மதி போயிருக்கும்லா" என்றாள்.

ஐந்து மாதம் ஆகிவிட்டது. ராடு பரணில் கிடக்கிறது. விருந்தாளி யாராவது அண்ணாந்து பார்த்து அது என்ன என்று கேட்டால், எனக்குத் தொண்டை அரிக்கும். அவள் என்னைப் பார்ப்பாள். நான் தண்ணீர் குடிப்பேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவளுக்குக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, முகமும் தெளிந்திருக்கிறது.

ஆனால் பந்தயம் பேசக்கூடாது என்பதுதான். எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. இந்தத் தாள்களை அவள் காபி குடிக்கும் மேசையில் வைத்து, பறக்காமலிருக்க அந்த நூற்றிருபது கிராம் குண்டை மேலே வைத்துவிட்டு, மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.