பஷீர் பாய் போட்ட பூட்டு

பஷீர் பாய் போய்ட்டார். இன்னிக்குக் காலையில. நெஞ்சு வலிக்குதுன்னு சேர்ல உக்காந்தவர்... அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு எனக்கு ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் அனுப்பியிருக்கார். பத்து மணிக்கு அவர் மக போன் பண்ணுது. அந்த ரோஜாவுக்கு நான் இன்னும் பதிலே போடலை.

கை கால் ஓடலை. அதனால மகாஜனங்களே, ஒரு கதை சொல்றேன். ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஒருத்தரும் நம்பப் போறதில்லை, சத்தியம்.

பாய் எங்க கம்பெனியில மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். அடியேன் லைன் சூப்பர்வைசர். பதினெட்டு வருஷம் ஒரே டேபிள்ல சாப்பாடு.

எங்க ஷெட்டுல ஆம்பளைங்களுக்கு லைனை ஒட்டியே டாய்லெட். பொம்பளைங்களுக்கு மெயின் கேட் பக்கத்துல. போய்ட்டு வர்றதுக்குள்ள தேன்கனிக்கோட்டை யானைக் கூட்டம் ரெண்டு தடவை குறுக்கே போயிடும், அவ்வளவு தூரம்.

ஒருநாள் எங்க லைன்ல வேலை பாக்குற பேரிகை ஊர்ப் பொண்ணு மஞ்சுளா மெஷின் முன்னாடியே மயங்கி விழுந்துருச்சு. பாய்தான் முதல்ல ஓடினார். பக்கத்துல அதோட தண்ணி பாட்டில்... காலையில கொண்டு வந்தபடியே நிறைய இருக்கு.

"ஏம்மா, தண்ணியே குடிக்கலையா?"

"குடிச்சா போகணும்ல அண்ணா. இருபது நிமிஷம் லைனை விட்டுட்டுப் போனா இவரு திட்டுவாரு."

இவருன்னா... பக்கத்துல நின்ன அடியேன்.

மறுநாள் காலையில ஆம்பளைங்க டாய்லெட்ல பூட்டு. 'பழுது'ன்னு ஒரு போர்டு. சாவி பாய் பாக்கெட்ல.

மூணு நாள். ஆம்பளைச் சிங்கங்களெல்லாம் கேட்டைப் பாத்து ஓடின ஓட்டத்தை ஒலிம்பிக்காரன் பாத்திருந்தா அத்தனை பேரையும் அள்ளிட்டுப் போயிருப்பான். நான் டீ டம்ளரைக் கண்டாலே ஒளிஞ்சேன்.

"பாய், விளையாடாதீங்க. சாவியக் குடுங்க."

"நட மாப்ள. சுகருக்கு நல்லது."

நாலாவது நாள் பிளான்ட் மேனேஜரே வந்துட்டார். "என்னய்யா பழுது?"

"பக்கத்துல லேடீஸுக்கு ஒண்ணு கட்டணும் சார். கட்டினா இதுவும் சரியாயிடும்."

ஒரே மாசத்துல கட்டினாங்க.

ஆனா அதுக்குள்ள லைன் ஆம்பளைங்க கையெழுத்துப் போட்டு பாய் மேல ஒரு கம்ப்ளைன்ட் லெட்டர் போயிருந்தது. வர வேண்டிய புரமோஷன் வரலை. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதே இன்சார்ஜ்தான்.

நான் விட்டேனா? மேனேஜர் ரூமுக்குள்ள போய் மேஜையில ஒரு தட்டு தட்டினேன் பாருங்க... கர்நாடகா செக்போஸ்ட்ல லாரியெல்லாம் நின்னுடுச்சு.

இன்னிக்கு மத்தியானம் பாய் வீட்டுக்குப் போனேன். வாசல் சேர்ல உக்காந்திருந்தேன். மஞ்சுளா வந்திருந்துச்சு. இப்ப அது லைன் சூப்பர்வைசர். பக்கத்துல வந்து பாட்டிலை நீட்டுச்சு.

"குடிங்க சார். காலையில இருந்து பச்சைத்தண்ணி கூட குடிச்சிருக்க மாட்டீங்க."

வாங்கிக்கிட்டேன். குடிக்க முடியலை.

யானை பொய். மேஜை பொய். அந்த ரூம் பக்கமே நான் போகலை.

அந்த லெட்டரைப் பாய்கிட்ட காட்டித்தான் விளக்கம் கேட்டாங்க. அன்னிக்கும் வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினார்.

போய்ட்டு வாங்க பாய்.

லெட்டர்ல முதல் கையெழுத்து என்னுது. என் பங்குக்கு அது ஒண்ணுதான் நிஜம்.