காலாவதியான ஸ்ட்ரிப்பும் எங்கள் பூனையும்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மகள் கல்யாணம் முடித்து வெளிநாடு போனபின் வீட்டில் மிஞ்சியது நானும் கணவரும் ஒரு பூனையும்தான். கணவர் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜன்சியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். பூனையை அவர் ‘தம்பியார்’ என்றுதான் கூப்பிடுவார்.

தம்பியாருக்கு ஒன்பது வயதில் சீனி வருத்தம் வந்தது. மிருக வைத்தியர், எங்கள் மகளின் வயதுள்ள ஒரு பெண், காலையும் மாலையும் இன்சுலின் போடச் சொன்னார். காதோரத்தில் மெல்லக் குத்தி, ஒரு துளி இரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, மீற்றரில் சீனி அளவு பார்க்கவும் பழக்கினார். முதல் வாரம் அது காதை இழுத்துக்கொண்டு ஓடியது. பிறகு பூனையே காதைத் தந்துகொண்டு இருக்கப் பழகிவிட்டது.

அப்போதுதான் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. காலி வீதியில் ஏறாத பாமசி இல்லை. எங்கு போனாலும் கையை விரித்தார்கள். ஸ்ட்ரிப் இல்லாமல் இரண்டு நாள் கழிந்தபோது, கணவர் அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அவருக்கும் பல வருடமாகச் சீனி இருக்கிறது. கனடாவிலிருக்கும் அவருடைய தங்கை அவருக்கென்று அனுப்பிய பெட்டி அது. உள்ளே ஸ்ட்ரிப் இருந்த போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதித் திகதி கடந்து எட்டு மாதம்.

“இது முடிஞ்சுபோச்சு.”

“அது சும்மா போடுற திகதியப்பா. நான் இதிலதானே பாக்கிறன். எனக்கு எல்லாம் நல்லாத்தான் காட்டுது.”

அவரது மீற்றரையும் ஸ்ட்ரிப்பையும் பூனைக்கும் பாவிக்கத் தொடங்கினோம். முதல் நாளே நூற்று நாற்பது காட்டியது. அதற்கு முன் முந்நூறுக்குக் கீழே அது இறங்கியதேயில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு கொப்பியில் திகதி போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். ஐந்தாம் நாள் வைத்தியருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அந்த அளவுகளைக் கேட்டு அவர் இன்சுலினைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். ஸ்ட்ரிப் பழையது என்று நான் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை; சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அடுத்த மூன்று கிழமையில் பூனை தண்ணீர்க் கோப்பையை ஒரு நாளைக்கு நாலு தடவை காலி செய்தது. முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பின்னங்கால்களை ஊன்ற முடியாமல், குதி நிலத்தில் படப் படச் சப்பாணி போல் நடந்தது. இவ்வளவையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கொப்பியைப் புரட்டினேன். கொப்பியில் எல்லாம் நன்றாக இருந்தது. வெயில்காலம், அதுதான் தண்ணீர் குடிக்கிறது, வயசு போகிறது, அதுதான் கால் தளர்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பிள்ளை ஒரு கணக்குக்கு நம்ப முடியாத விடையைக் கொண்டுவந்தால், “திரும்பச் செய்து பார்” என்று சொல்லுகிறவள் நான்.

ஒரு காலை அது சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. பிறகு முதல்நாள் தின்றதையும் சத்தி எடுத்தது. ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு ஓட்டோ பிடித்தோம். வழி முழுக்கக் கணவர் அதை மடியில் வைத்து, “ஒண்டுமில்லை தம்பியார், ஒண்டுமில்லை” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

வைத்தியர் பூனையின் காலைப் பார்த்தார், தோலை இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் மீற்றரை வாங்கினார். பூனையின் காதிலிருந்து எடுத்த இரத்தத்தை எங்கள் ஸ்ட்ரிப்பிலும் தன்னுடைய புது ஸ்ட்ரிப்பிலும் தொட்டார். எங்களுடையது நூற்று ஐம்பத்தைந்து. அவருடையது நானூற்று எண்பது.

“அன்ரி, இது எப்ப முடிஞ்சது?”

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காலம் போனாலும் ஈரக்காற்றுப் பட்டாலும் ஸ்ட்ரிப்பிலுள்ள மருந்து பழுதாகும், அதன்பிறகு அது எந்த இலக்கத்தையும் காட்டலாம் என்றார். சீனி கூடி நரம்பு கெட்டதால்தான் பூனையின் கால் தளர்ந்தது என்றும் சொன்னார். கடற்கரைப் பக்கத்து வீட்டில் அந்தப் போத்தல் எத்தனை தடவை திறபட்டிருக்கும் என்று யோசித்தேன்.

“வேற ஆரும் இதைப் பாவிக்கிறவையோ?” என்று வைத்தியர் கேட்டார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பூனையின் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் கால் விறைக்கிறதுதான்,” என்றார். “ரெண்டு மூண்டு மாசமா. படியில செருப்புக் கழண்டு போறதே தெரியிறேல்லை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“மீற்றர் நல்லாத்தானே காட்டினது. உமக்கேன் வீண் பயம் எண்டு விட்டிட்டன்.”

அவரை நான் எப்படி ஏசுவது? நானும் அதைத்தானே செய்திருந்தேன்.

பூனையை நான்கு நாள் அங்கேயே வைத்துச் சேலைன் ஏற்றி, இன்சுலினையும் பழைய அளவுக்குக் கொண்டு வந்தார்கள். அதை அங்கே விட்ட அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு கணவரை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். முடிவைப் பார்த்த டொக்டர் அன்றே இன்சுலின் எழுதினார். தனக்கு ஊசி வேண்டாம் என்று பத்து வருடமாகச் சொல்லி வந்தவர் கை நீட்டி மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “தம்பியார் இல்லாட்டி நான் காலைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டன், என்ன?” என்று கேட்டார். “ஓம்,” என்றேன்.

பூனை வீட்டுக்கு வந்தபின், புது ஸ்ட்ரிப் கிடைக்காத நாட்களில் ஸ்ட்ரிப் இல்லாமலே இருந்தோம். அப்படியான நாட்களில் என்ன செய்வதென்று வைத்தியர் சொல்லித் தந்தார்: குடிக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள், கிழமைக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள், நடையைப் பாருங்கள், சந்தேகம் வந்தால் இன்சுலினை நீங்களாக மாற்றாமல் கொண்டு வாருங்கள். முதல் தடவையாக, இலக்கம் பார்க்காமல் பூனையைப் பார்த்தேன். மூன்று மாதம் போக அதன் குதி நிலத்தை விட்டு எழுந்தது. ஒரு பின்னேரம் அது யன்னல் கட்டுக்குப் பாய்ந்தபோது நாங்கள் இருவரும் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தோம்.

அவருடைய கால் அவ்வளவுக்குத் திரும்பவில்லை. சீனி இறங்கிவிட்டது, விறைப்பு மட்டும் போகவில்லை. குளித்து வந்ததும் கதிரையில் இருந்து காலை நீட்டுவார். நான் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் திருப்பி, அவருக்கே தெரியாமல் கீறல், கொப்புளம் ஏதும் இருக்கிறதா என்று விரலிடுக்கு வரை பார்ப்பேன். ஆரம்பத்தில் அவருக்குக் கூச்சம். இப்போது பேப்பர் வாசித்தபடியே தருகிறார்.