சூரைப் புதருக்குள் ஒரு வேம்பு

காலை ஏழரை மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் குஜிலியம்பாறை பஸ் ஏறினேன். கையில் கடப்பாரை, தோளில் ஈரச் சாக்கு. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடப்பாரையை சீட்டுக்கு அடியில தள்ளுங்க பாய். எங்க, கெணறு வெட்டவா?"

"மரம் பிடுங்க."

"அவனவன் நடச் சொல்லி உசுரை விடுறான். நீங்க பிடுங்கப் போறீகளாக்கும்" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமையோடு என் மனைவி ஜமீலா இறந்து ஒரு வருஷம், அன்றைக்கு வருஷ பாத்திஹா ஓத வேண்டும். அதற்குள் அவளுடைய வேப்பங்கன்றை அவள் கபரின் தலைமாட்டில் நட்டுவிட வேண்டும். எரியோட்டுக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். நாங்கள் அதில் வைத்த கன்று எதுவும் பிழைக்கவில்லை. வெயிலுக்குத் தப்பினதை வெள்ளாடு தின்றது. ஒரு நாள் ஜமீலா சூரை முள் புதருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க வாங்களேன், நாம வைக்காத வேம்பு ஒண்ணு வந்துருக்கு" என்றாள். எங்கேயோ வேப்பம்பழம் தின்ற கொண்டைக்குருவி, அந்தப் புதரில் உட்கார்ந்து விதையைப் போட்டிருக்கிறது. அன்றிலிருந்து நிலத்துக்கு வந்தால் அவள் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

திண்டுக்கல்லில் இருந்து எரியோடு இருபது கிலோமீட்டர் சொச்சம். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்தேன். ஆடிக் காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. வழியெல்லாம் சுக்கான் கல், சப்பாத்திக்கள்ளி, குடை விரித்த உடைமரங்கள். கள்ளிப்பழத்தைக் கொத்திக்கொண்டிருந்த மைனாக்கள் நான் கிட்டே போயும் பறக்கவில்லை. முன்பெல்லாம் இந்த மூன்று கிலோமீட்டரும் ஜமீலா பேசிக்கொண்டே வருவாள், நான் 'செத்த நேரம் சும்மா வாயேன்' என்பேன். இப்போது யாரும் பேசவில்லை. காது வலித்தது.

நிலத்தில் மூக்காயி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, தரிசாகக் கிடக்கிற எங்கள் நிலத்தில்தான் தினமும் மேய்ப்பாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு வேப்பங்கன்னுக்கா இம்புட்டு தூரம் வந்தீக? டவுன்ல கேட்டா சும்மாவே குடுப்பாகளே."

"அது வேற, இது வேற."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அரிவாளை எடுத்தாள். அவள் முள்ளை வெட்ட, நான் கடப்பாரையால் நெம்பி விலக்கினேன். வெட்டின சூரைக் கொப்பை அவள் ஆடுகளுக்குப் போட்டாள். கன்று என் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. புதருக்குள் மண் வெளியே போல் சுடவில்லை. உதிர்ந்த இலை மெத்தென்று கிடந்தது, எறும்பு ஓடியது. கடப்பாரையை ஓங்கினேன். காலடியில் இருந்து ஒரு கௌதாரி குடுகுடுவென்று ஓடியது. அது இருந்த பள்ளத்தில் ஏழெட்டு முட்டை.

"இது வேறயா" என்று மூக்காயி தலையில் கை வைத்தாள்.

முட்டையைத் தொடாமல், மறுபக்கம் தோண்டினேன். ஒரு முழம் போயும் ஆணிவேர் முடியவில்லை. சுக்கான் கல்லின் இடுக்கில் சூரையின் வேர் புகுந்த வழியிலேயே அதுவும் இறங்கியிருந்தது. எது எதனுடைய வேர் என்று பிரிக்க முடியவில்லை. இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் போச்சு. அப்படியும் மனசு கேட்கவில்லை; மண்டி போட்டுத் தோண்டிக்கொண்டே இருந்தேன். முதுகுக்குப் பின்னால் கறுக்கென்று சத்தம் கேட்டது. திறந்து வைத்த வழியில் ஒரு கிடாய் தலையை நுழைத்து வேம்பின் நுனியைக் கடித்துவிட்டது.

முப்பது வருஷம் தோல் மண்டி வைத்திருந்தவன் நான். ஆடு என்றால் எனக்குத் தோல். அதற்கு வாய் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் என் வேம்பைக் காத்தது அந்த முள். அதை வெட்டித் தின்ன விட்டவன் நானே. உட்கார்ந்து அழுதேன். மூக்காயி கிடாயை விரட்டிவிட்டு வந்து நின்றாள்.

"நுனிதான போச்சு பாய், தழைச்சிரும். எந்திரிங்க, இருட்டுறதுக்குள்ள முள்ளு வச்சு அடைச்சிருவோம்."

"என்னத்த அடைக்க? கொண்டு போக வந்தேன்."

"கொண்டு போயி கொல்லப் போறீகளா?"

மண்ணைத் தள்ளி வேரை மூடினேன். உடைமுள்ளையும் ஆடு தின்றது போக மிஞ்சின சூரையையும் சுற்றி அடுக்கினோம். சாக்கில் மிஞ்சியிருந்த ஈரத்தைக் கன்றின் அடியில் பிழிந்தேன். நாங்கள் தள்ளிப் போன பிறகு கௌதாரி நாலு புறமும் பார்த்துவிட்டுப் புதருக்குள் நுழைந்தது. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலப் பஸ்ஸில் திண்டுக்கல் திரும்பினேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. போனால் நானே பூட்டைத் திறக்க வேண்டும், நானே விளக்கைப் போட வேண்டும். நேரே கபர்ஸ்தானுக்குப் போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"ஒன் வேம்பக் கொண்டு வரல ஜமீலா" என்றேன். "வெள்ளிக்கிழமை மருதாணிக் கொப்பு ஒண்ணு நட்டு வைக்கிறேன். வேம்பு அங்கனயே இருக்கட்டும். தனியா இருக்குறது எப்படின்னு எனக்குத் தெரியும். அதுக்கு வேணாம்."