ரிவர்ஸ் அண்ணனின் படகு

உதவி செய்கிறேன் என்று ஓடி வருகிறவர்களைக் கண்டாலே ரிவர்ஸ் அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறவனால் ஒரு தொல்லையும் இல்லை. உதவ வருகிறவன்தான் கயிற்றைத் தப்பான இடத்தில் பிடிப்பான், "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பான், கடைசியில் அவனே கைவிட்டு விடுவான்.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர் அண்ணன். டெப்போவில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே இருக்கும் சந்தில் கண்ணாடியை மட்டும் பார்த்து வண்டியைப் பின்னாலேயே கொண்டுவந்து சொருகி விடுவார். அப்படி வந்த பெயர் அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் இடது பக்கத்தைத் தட்டிவிட்டது. கை ஓரளவு திரும்பிவிட்டது. கால்தான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கிளட்ச் இல்லாத கார் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். படகைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை, அண்ணனும் வாயைத் திறக்கவில்லை.

ரிட்டயர் ஆன மாதமே வாங்கிய மோட்டார் படகு. டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போகலாம். தண்ணீரில் போய் உட்கார்ந்துவிட்டால் காலுக்கு வேலையே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் பழைய டிரைவர்தான். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் வாரம் முழுக்கப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் போன மாதம் படகை இறக்கும்போது கரைச் சரிவில் இருந்த பாசி வழுக்கி விழுந்து, முழங்கால் தண்ணீரில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அண்ணி தனி ஆளாக இழுத்துப் பார்த்தும் முடியவில்லை. அன்றைக்கே அண்ணி தன் தம்பிக்குப் போன் போட்டுப் படகை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் வீட்டில் ரணகளம். கடைசியில் அண்ணி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு தடவை. இறக்கணும், திரும்ப ஏத்தணும். யார் உதவியும் கூடாது. நான் பெஞ்சை விட்டு எழுந்து வர்ற மாதிரி ஆச்சுன்னா தம்பி நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுவான்."

"நீ உக்காந்த இடத்துலயே தூங்கலாம்," என்றார் அண்ணன்.

சனிக்கிழமை காலை அண்ணி பிளாஸ்கோடு கரை பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணன் மேலேயே, வண்டி நிறுத்துமிடத்தில், எல்லா வேலையையும் முடித்துக்கொண்டார். படகின் பின்னால் இருக்கும் ஓட்டையில் தக்கையைத் திருகினார், பட்டைகளைக் கழற்றினார், படகு மூக்கிலிருந்து நீளக் கயிற்றை டிரெய்லர் கம்பத்தில் கட்டினார். சரிவை ஒட்டி மிதக்கும் மேடை ஒன்று உண்டு. அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை முன்கூட்டியே போட்டுவிட்டு வந்தார். காற்று மேடைப் பக்கம் வீசும் நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பியிருந்தார். அவர் கணக்கு சுலபம். சரிவில் காரைப் பின்னால் இறக்கி பிரேக்கை ஒரு தட்டு தட்டினால் படகு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகும், கயிறு அதைப் பிடித்து வைத்திருக்கும். காலைத் தண்ணீரில் வைக்கவே வேண்டாம்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. படகும் அழகாக மிதந்தது. அப்போதுதான் தொப்பி போட்ட ஒரு புண்ணியவான் எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"சார், நீங்க இறங்காதீங்க! உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"ஐயா, தொடாதீங்க! கயிறைத் தொடாதீங்க!"

தொப்பிக்காரர் அதற்குள் முடிச்சை அவிழ்த்து, கயிற்றோடு இரண்டு எட்டு வைத்தார். பாசி தன் வேலையைக் காட்டியது. தொப்பெனத் தண்ணீரில் உட்கார்ந்தார். கயிறு கையை விட்டுப் போனது, வழுக்கி இறங்கிய வேகம் அடங்காத படகும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஏரிக்குள் போனது. கரையில் நாலு பேர் "பிடி, பிடி" என்று கத்தினார்கள். யாரைப் பிடிக்கச் சொன்னார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அண்ணனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பெஞ்சைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. காரை மேலே நிறுத்திவிட்டுக் கொக்கி வைத்த ஊன்றுகோலோடு மேடைக்கு நடந்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உக்காந்துட்டீங்களே சார், படகு போகுது!" என்றார் தொப்பிக்காரர், சொட்டச் சொட்ட.

"எங்க போகும்? காத்து இந்தப் பக்கம் அடிக்குது. வரும். நீங்க தயவு செஞ்சு எதையும் தொடாம நில்லுங்க."

பத்து நிமிஷம் ஆனது. படகு வந்தது. அண்ணன் கொக்கியால் கயிற்றை இழுத்து மேடையில் கட்டிவிட்டு, துணிச்சலை வரவழைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அண்ணி எழுந்திருக்கவில்லை. பிளாஸ்க் மூடியில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு கை வெச்சுட்டாரே!" என்று அண்ணனே கத்தினார். வேண்டாத நேர்மை.

"கெடுத்ததெல்லாம் உதவியில சேராது," என்று பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

அரை மணி நேரம் சுற்றினார். படகு விலகாமல் ஏறுவதற்கு டிரெய்லரின் பின்னால் இரண்டு பக்கமும் நிமிர்ந்த குழாய் பொருத்தியிருந்தார். காரைத் திரும்பப் பின்னால் இறக்கி, டிரெய்லரின் இழுகம்பிக் கொக்கியை மேடையிலிருந்தே படகில் மாட்டினார், பட்டனை அழுத்தினார், கம்பியைச் சுற்றும் மோட்டார் வின்ச் முனகிக்கொண்டே படகைக் குழாய்களுக்கு நடுவே இழுத்து ஏற்றியது. காரோடு மேலே கொண்டுவந்து நிறுத்தியபோது அண்ணனுக்கு ஹாரன் அடிக்க வேண்டும் போலிருந்தது.

பாக்கி இருந்தது தக்கை ஒன்றுதான். அதைத் திருகி எடுத்தால் படகுக்குள் தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். டிரெய்லருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து எடுத்தார். தண்ணீர் வடிந்தது. எழுந்திருக்கப் போனால் கால் மறுத்துவிட்டது. குழாயைப் பிடித்தார், ஈரக் கை வழுக்கியது. இன்னொரு முறை முயன்றார். தொப்பிக்காரரைக்கூடக் காணோம். வேண்டாதபோது வந்து நிற்பார்கள், இப்போது ஒரு ஈ காக்காய் இல்லை. கடைசி வேலையில் தோற்றாயிற்று. கூப்பிடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணிதான்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி வடியுதான்னு பாக்கறேன்."

அண்ணி படகைப் பார்த்தார். கடைசிச் சொட்டு விழுந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மேடையிலிருந்து எடுத்து வந்த ஸ்டூலை அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு போனை எடுத்தார். அண்ணன் ஸ்டூலில் கை ஊன்றி, மூச்சு வாங்கி, ஒருவழியாக எழுந்தார்.

"நீ எழுந்து வந்துட்ட," என்றார்.

"ஸ்டூலை வண்டியில வைக்க வந்தேன். வழியில நீங்க உக்காந்திருந்தீங்க." அண்ணி போனைக் காதில் வைத்தார். "தம்பி, நாளைக்கு வராத. வேலை இல்ல."