பக்கத்தின் அடியில் ஓடிய எண்

இணையத்தில் ஒரு பக்கம் திறக்கத் தாமதமானால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. மற்றவர்கள் எரிச்சலோடு எதையாவது தட்டுவார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில், என் மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை அப்படி உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ளப் பார்த்தேன்.

அப்போது அபிராமபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் நந்தனத்தில் ஒரு கம்பெனியில் மேலாளர். ஒரே பையன், பொறியியல் மூன்றாம் வருடம். படிப்பைவிட அவனுக்கு வெப்சைட்மேல்தான் பைத்தியம். கல்லூரி விட்டதும் தி. நகரில் ஒரு சின்ன டிசைன் ஆபீசுக்குப் போய்ப் பட்டுப்புடவைக் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் பக்கங்கள் செய்துகொண்டிருந்தான்.

தனக்கென்றும் ஒரு பக்கம் வைத்திருந்தான். சென்னை பஸ்களைப் பற்றியது. எந்த பஸ் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்த நிறுத்தத்தில் நிழல் இருக்கும், 29சி-யில் காலையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருப்பான். மேலே ஒரு பச்சை பஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அடியில், இதுவரை எத்தனை முறை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும் எண், கறுப்புக் கட்டங்களில், ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி.

நான் சமையலறையில் சப்பாத்தி இடும்போது அவன் வாசற்படியில் சாய்ந்து நின்று அன்றைய சேதி சொல்வான்.

"மினுக்குற எழுத்தெல்லாம் அவுட்மா. இனிமே அதைப் போட்டா சிரிப்பாங்க."

"போன மாசம் அதைத்தானேடா என்னைக் கூப்பிட்டுக் காட்டின?"

"அது போன மாசம்."

அப்போது புதிதாக வந்திருந்தது முன்படம். பக்கத்தைத் திறந்ததும் கடைப் பெயர் சுழன்று வரும், குத்துவிளக்கு தானாக எரியத் தொடங்கும், நாதஸ்வரம் ஒலிக்கும். அதெல்லாம் முடிந்தால்தான் புடவை. ஒரு கடை முதலாளி அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

"அது வந்து முடியறதுக்குள்ள ஜனங்க நேர்ல போய் புடவையே வாங்கிட்டு வந்துடுவாங்களேடா."

"அதையேதான் நானும் சொல்றேன், யாரு கேக்கறா? ஒருநாள் பாரேன், எல்லாம் வெள்ளையாயிடும். வேணுங்கிறது மட்டும்தான் இருக்கும். மொதல்ல இந்த நம்பர் போகும். எத்தனை பேர் வந்தாங்கன்னு எந்தக் கடைக்காரனாவது வாசல்ல எழுதி வைப்பானா?"

"பின்ன நீ ஏன் வச்சிருக்க?"

சிரித்தான். "யாராவது வர்றாங்களான்னு பாக்கத்தான். என்னைக் கழிச்சுட்டா வாரக்கணக்கா அசையவே மாட்டேங்குது."

அந்த வருடம் பரீட்சை முடிவில் அவனுக்கு ஏகப்பட்ட அரியர்கள். எல்லாம் பாஸ் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தான். கணவரோடு வேலை பார்ப்பவரின் மகள் அவன் வகுப்பு. அவர் மூலமாகக் கணவருக்கு உண்மை தெரிந்தது. மறுநாள் காலை கணவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி, நிமிராமலே அவனிடம் சொன்னார்: "இனிமே ஆபீஸ்ல நான் யார் முகத்தைப் பாத்துப் பேசறது?" அவ்வளவுதான். நான் பள்ளியிலிருந்து வந்தபோது பையன் இல்லை. பையும் இரண்டு சட்டைகளும் இல்லை.

நண்பர்கள் வீடு ஒன்று விடாமல் போனோம். தி. நகர் ஆபீசுக்கும் அவன் வரவில்லை. போலீசில் எழுதிக்கொடுத்தோம். "வயசுப் பையன்மா, கோவம் தணிஞ்சா வந்துருவாரு" என்றார்கள். சனி, ஞாயிறு விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவேன். கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் நாலு பேர் கூடி நின்றால் என் கால் நகராது. அவர்கள் மீன் பேரம் பேசுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிடுவேன்.

வீட்டில் அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். அவன் தட்டு அலமாரியில் கவிழ்த்தபடி இருந்தது. நாங்கள் இருவரும் அதைத் தொடாமல் பக்கத்துத் தட்டை எடுத்துக்கொள்வோம்.

அப்போதுதான் அவன் பக்கம் ஞாபகம் வந்தது. எங்கே இருந்தாலும் அவனால் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் இருக்க முடியாது. போனால் தன் பக்கத்தைத் திறக்காமல் இருக்க மாட்டான். மயிலாப்பூரில் லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதற்கு முன் அது டெலிபோன் பூத். பூத்தை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுப் பிளைவுட் தடுப்பு வைத்து நாலு கம்ப்யூட்டர் போட்டிருந்தார் அதன் உரிமையாளர். ஐம்பது வயதுக்காரர், எல்லாருக்கும் பாய். கேள்வி கேட்காமல் எனக்குப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

பச்சை பஸ் ஓடியது. அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். வருகிறவர்கள் எழுதுவதற்காக அவன் தனியாக வைத்திருந்த இன்னொரு பக்கத்தில், ஒரு வரி, அம்மா என்று போட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் போனபோது அடியிலிருந்த எண் இரண்டு கூடியிருந்தது. ஒன்று நான். இன்னொன்று?

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நேராக அங்கேதான். நான் திறந்ததைக் கழித்துவிட்டால் அநேகமாக ஒன்று மிஞ்சும். சில நாள் இரண்டு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் சமைத்தேன், சாப்பிட்டேன், பாடம் நடத்தினேன். இன்றைக்கு உட்கார்ந்து பார்த்திருக்கிறான், அப்படியானால் எங்கோ நடமாடுகிறான். சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் மட்டும் எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தூங்குவான் என்று சொல்லிக்கொள்வேன். கணவரிடம் மூச்சு விடவில்லை. வாய்விட்டுச் சொன்னால் அதுவும் நின்றுவிடும் என்று பயம்.

ஒரு அரசு விடுமுறை நாள். கணவர் செருப்பு தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போகத் தயாரானார். நான் கோயிலுக்கு என்று சொல்லி முன்னதாகவே கிளம்பிவிட்டேன். சென்டரில் பக்கம் திறந்தது. மிஞ்சிய எண் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தேன். ஒன்று கூட வேண்டிய இடத்தில் இரண்டு கூடியிருந்தது.

இந்த நிமிடம். இதே நிமிடத்தில் அவன் எங்கோ உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். திரையைத் தொட்டேன்.

பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. இரண்டு தடவை, வறட்டுக் கனைப்பு. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுவரும் கனைப்பு.

எழுந்து தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, மூக்கு திரையில் படுமளவு குனிந்திருந்தார். அவருக்கு எதிரே பச்சை பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ கோயிலுக்குப் போகலையா?"

"நீங்க செருப்பு தைக்கலையா?"

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஆபீஸ்ல டெய்லி பாப்பேன். மறுநாள் ஒண்ணு கூடியிருக்கும். அவன்தான்னு..."

"அது நான்" என்றேன்.

"அப்ப நீ பாத்தது..."

பாய் மேஜையிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே வூடா? மொதல்லியே சொல்லிக்கினா ஒரே மிசின்ல குந்த வச்சிருப்பேனே!" சிரித்துக்கொண்டே வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மின்விசிறியை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை நாளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மகன் என்று நினைத்துப் பிழைத்திருக்கிறோம். அந்த எண்ணில் அவனுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. அன்று இரவு அவர் அலமாரியிலிருந்து அவன் தட்டை எடுத்தார். கழுவித் துடைத்து மறுபடி கவிழ்த்து வைத்தார்.

அதற்கப்புறம் நான் சென்டர் இருந்த சந்துப் பக்கம் போகவில்லை. வகுப்பில் கழித்தல் கணக்கு போடும்போது நடுவில் நின்றுவிடுவேன். பிள்ளைகள், "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். கடற்கரைக்கும் போகவில்லை. போனால் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுவேன் என்று தோன்றியது.

ஒரு சாயங்காலம் லஸ்ஸில் காய் வாங்க இறங்கியவள், பையோடு அந்தச் சந்துக்குள் போய்விட்டேன். பாய் பழைய இடத்திலேயே உட்கார வைத்தார். பக்கம் மேலிருந்து இறங்க ஆரம்பித்தது. வெள்ளை. இன்னும் வெள்ளை. பஸ் இல்லை. இறங்கி இறங்கி அடிக்கு வந்தது. எண்ணும் இல்லை. நான் எழுதிய இடத்துக்குப் போகும் வழியும் இல்லை.

"போச்சு" என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது. பாய் ஓடிவந்தார்.

"இன்னாச்சு டீச்சரம்மா?"

"பக்கம் போயிடுச்சு பாய். அழிஞ்சுபோச்சு."

அவர் குனிந்து பார்த்தார். "எங்க போச்சு? கீதே. நடுவுல பாரு, எழுத்து பொடிப்பொடியா எறும்பு கணக்கா கீது."

பார்த்தேன். சாம்பல் நிறத்தில், வெள்ளைமேல், கண்ணுக்கே தெரியாத எழுத்து. 29சி. வழி. நிழல். வெயில். வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை. கடைசியில் கடிதம் போட ஒரு முகவரி மட்டும்.

சமையலறை வாசற்படியில் சாய்ந்து நின்றவன் கண் முன்னால் வந்தான். எல்லாம் வெள்ளையாயிடும். மொதல்ல இந்த நம்பர் போகும்.

"பாய், இது தானா இப்படி மாறுமா?"

"தானா இன்னாத்த மாறும்? வூடு தானா வெள்ள அடிச்சிக்குமா? சாவி வச்சிக்கினு கீறவன்தான் பண்ணணும்."

மூலையில் இருந்த டெலிபோனிலிருந்து கணவர் ஆபீசுக்குப் பேசினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. கணவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பாய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். கணவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். கடிதம் எழுதும் இடத்தைப் பாய் திறந்து கொடுத்தார்.

"நீங்க எழுதுங்க" என்றேன்.

"நான் என்ன எழுதறது?"

"ஏதாவது."

வா என்று எழுதுவார் என நினைத்தேன். மன்னிச்சுடு என்று எழுதினாலும் எழுதுவார் என்று நினைத்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது, என்னால் படிக்க முடியவில்லை, அப்பா. அவ்வளவுதான் எழுதினார்.

"இதுவா?" என்றேன்.

"இதுதான் எனக்குத் தெரியுது."

மறுநாளும் அதற்கு மறுநாளும் பதில் இல்லை. பக்கம் அப்படியே வெள்ளையாக, பொடி எழுத்தோடு இருந்தது. கோபத்தைக் கிளறிவிட்டாரோ என்று பயந்தேன். அந்தப் பக்கத்தை மாற்றியது வேறு யாரோ என்றால்? இடத்தைக் கொடுத்த கம்பெனியே மாற்றியிருந்தால்? எல்லாம் தோன்றியது. கணவரிடம் கேட்கவில்லை. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

அந்த வாரக் கடைசியில் இருவரும் சேர்ந்தே போனோம். பக்கம் இறங்க ஆரம்பித்தது. முதலில் வெள்ளை. அப்புறம் மேலே ஏதோ கறுப்பாக, தடிமனாக இறங்கியது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

எழுத்து பெரிதாக இருந்தது. சாம்பல் போய் நல்ல கறுப்பு. பக்கத்தின் அழகே கெட்டுப்போகும் அளவுக்கு, பாலர் வகுப்புப் பாடப்புத்தகம் மாதிரி, அவ்வளவு பெரிதாக. கடிதத்துக்கு அவன் ஒரு வார்த்தை பதில் போடவில்லை.

கணவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆபீஸ் மேலாளர் மாதிரி இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். பெசன்ட் நகரில் புறப்படுகிறது 29சி. அடையாறு. மயிலாப்பூர். ஒவ்வொரு நிறுத்தமாக வாசித்தார். குரல் உடைந்த இடத்தில் நிறுத்திக் கனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று பாய் சொல்லவில்லை.