லாரிக்காரர்களிடம் பேசத் தெரிந்தவர்

கம்பெனி தொடங்கியபோது நாங்கள் நான்கு பேர். கேரள எல்லைக்குள், பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் உட்கார்ந்து, முதலமடை மாங்காய் லாரிகள் எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று வியாபாரிகளின் போனில் காட்டும் செயலியை எழுதினோம். நால்வரில் பெண் நான் ஒருத்திதான். "இங்க ஆணு பொண்ணுன்னு ஒண்ணுமில்ல, எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார் முதலாளி. அவர் அதை எவ்வளவு உண்மையாக நம்பினார் என்பது, கேக் வாங்குவதும் விருந்தாளிக்கு டீ சொல்வதும் ஓணத்துக்குப் பூக்களம் போடுவதும் என் தலையில் விழுந்தபோது புரிந்தது.

கம்பெனி வளர்ந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடிக் கட்டடம் வந்தது. லாரிப் பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றார்கள். அந்தப் பிரிவின் நிரலில் பெரும்பகுதி நான் எழுதியது. போய்க் கேட்டேன்.

"சீசன்ல எந்நேரமும் டிரைவருங்ககிட்ட பேசணும்மா. அவங்க பேச்சே ஒரு மாதிரி. பொண்ணுங்களுக்குச் சரிப்படாது" என்றார் முதலாளி.

"இப்பவும் நான்தானுங்க சார் பேசறேன்."

"அது உன் நல்ல மனசு."

நான் செய்தால் நல்ல மனசு. ஆண் செய்தால் தலைமைப் பண்பு, அதற்குத் தனிச் சம்பளம்.

எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் தலைவராக வந்தார். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. தமிழ் மட்டும் தெரியாது. எங்கள் டிரைவர்களோ பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள், தமிழைத் தவிர வேறெதுவும் பேசாதவர்கள். முதல் நாளே போனை என் பக்கம் நீட்டினார். "சேச்சி, இவர் எந்தா பறயுன்னது?" இரண்டு வாரம் மொழிபெயர்த்தேன். பிறகு போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். பொண்ணுங்களுக்குச் சரிப்படாத வேலையாம் என்று சொன்னேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலீட்டாளர்கள் வந்த அன்று அவர் பெரிய திரையில் ஒரு லாரியைக் காட்டினார். அது வாளையாரில் அசையாமல் நின்றது. ஏன் என்று ஒருவர் கேட்க, தலைவர் டிரைவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, நீங்க பேசறது ஒண்ணும் வெளங்கலீங்க" என்றது போன். "எப்பவும் பேசுமே, அந்தப் புள்ள எங்கீங்க? அதுகிட்டக் குடுங்க. பழம் வெந்துட்டிருக்குது இங்க!"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனை வாங்கிப் பேசினேன். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி பழுதாகி நின்றிருந்தது, அவ்வளவுதான். வேறு வழி சொன்னேன். திரையில் லாரி நகர்ந்ததும் கைதட்டினார்கள். முதலாளி எழுந்து தலைவரின் தோளைத் தட்டி, "நல்ல டீமா உருவாக்கியிருக்கார்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் இது பழகிவிடும் என்று தோன்றியது. கோயம்புத்தூரில் வேறு வேலை தேடினேன், கிடைத்தது. ராஜினாமாவைக் கொடுத்ததும் முதலாளியின் முகம் மலர்ந்தது.

"கல்யாணமா? எங்க, எப்போ?"

"வேற வேலைங்க சார். அங்க லாரிப் பிரிவுக்கு நான்தான் தலைவி."

"ஓ" என்றார். பிறகு சற்று யோசித்து, "அதுக்கு மாப்பிள்ளை வீட்ல ஒத்துக்குவாங்களா?" என்றார். எந்த மாப்பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

வழியனுப்பு விழாவில் எனக்கு ஹாட்பாக்ஸ் செட் ஒன்று பரிசளித்தார்கள். என்னோடு சேர்ந்த ஒருவன் முந்தின மாதம் விலகியபோது லேப்டாப் பை கொடுத்திருந்தார்கள். வீட்டில் அம்மா மூன்று டப்பாவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு மரியாதையான கம்பெனி! ஏன் புள்ள விட்டுட்டு வந்தே?" என்று கேட்டாள்.

துணிக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்த அத்தா, மகளின் பரிசில் ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அவனுங்களுக்கு இவ என்ன வேலை பாத்தான்னே தெரியல" என்றார்.